விளாச்சேரியிலிருந்து மாதுங்கா வரை

மதுரை ரயில் நிலையத்தில் இறங்கியும் மீனாட்சியம்மனைத் தரிசிக்காமல் ஊரைவிட்டு வெளியேறிய பாவத்தை நாங்கள் 2020ஆம் ஆண்டு தை மாதத்தில் செய்தோம். மும்பையில் ரயில் ஏறி இரண்டு இரவும் ஒரு பகலும் பிரயாணம் செய்து வந்த களைப்பு ஒரு புறம். கையில் ஒரு துணிப்பை. அதற்குள், பழைய வேட்டியில் சுற்றி, தலை வேறு உடல் வேறாகிப் போன ஒரு மகாலட்சுமி. "அம்மனைத் திரும்பும்போது தரிசித்துக்கொள்ளலாம். முதலில் இவளுக்கு ஒரு வழி கேட்போம்" என்றாள் என் மனைவி. விளாச்சேரிப் பேருந்தைக் கேட்டு ஏறினோம்.

அந்த மகாலட்சுமி எங்களிடம் வந்த கதையைச் சொல்லாவிட்டால், நாங்கள் அந்த ஊருக்குப் போன காரணம் விளங்காது.

அதற்கு முந்திய ஆண்டு பங்குனியில், நான் 22 ஆண்டுகள் கணக்கு எழுதிய கம்பெனி கதவை மூடிவிட்டது. செம்பூரில் வாடகை வீடு, கல்லூரிக்குப் போகும் பெண், பள்ளிக்குப் போகும் பையன். ஐம்பது வயதைத் தாண்டிய கணக்கனுக்கு மும்பையில் வேலை கிடைப்பது எவ்வளவு எளிது என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பொழுதுதான் மனைவி சொன்னாள்: "இந்த ஊரில் தமிழர் இல்லாத பேட்டை இல்லை. நவராத்திரி வந்தால் எல்லோரும் பொம்மைக்கு மாதுங்காவுக்குத்தான் ஓடிவருகிறார்கள். நாம் கொலு பொம்மை விற்றால் என்ன?" நகைகளை அடகு வைத்து 1,80,000 ரூபாய் திரட்டினோம். மாதுங்கா மார்க்கெட் பக்கம் தெரிந்த கடைக்காரர் ஒருவர், தம் கடையின் முன்புறத்தில் இரண்டு மேஜை போட்டுக்கொள்ள இடம் கொடுத்தார்.

வியாபாரம் தெரியாதவன் செய்யக்கூடிய தவறுகள் அனைத்தையும் அந்த ஓர் ஆண்டிலேயே செய்து முடித்தோம். ஊருக்குப் போய்ப் பாராமல், இடைத் தரகர் ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்லி 300 பொம்மைகள் வரவழைத்தது முதல் தவறு. பெரிய பொம்மையில் லாபம் அதிகம் என்று எண்ணி, பாதிக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு எழுதிக் கொடுத்தது இரண்டாவது. மும்பையில் கொலு வைப்பவர் வீட்டில் ஐந்து படி கட்டினால் அப்புறம் உட்கார இடமில்லை என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் வீடே அப்படித்தான். ஆனாலும் மேஜையின் பின்னால் போய் நின்றவுடன், வாங்குகிறவர் வீடெல்லாம் செட்டிநாட்டு மாளிகையாக நமக்குத் தோன்றிவிடுகிறது!

சரக்கு லாரியில் வந்தது. வழியில் இரண்டு முறை லாரி மாற்றினார்களாம். பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது 47 பொம்மைகள் உடைந்திருந்தன. லாரி ஆபீஸில் முறையிட்டோம். அங்கிருந்தவர் ரசீதைப் புரட்டிக் காட்டினார். அதில் 'பொம்மை, விளையாட்டுச் சாமான், சொந்தப் பொறுப்பு' என்று எழுதியிருந்தது. "நீங்கள் சாமி என்று சொல்கிறீர்கள். ரசீதில் விளையாட்டுச் சாமான் என்றுதானே இருக்கிறது?" என்றார் அவர். கோபத்தோடு திரும்பினோம் என்றாலும், அவர் கேட்ட கேள்வி எங்களை விடவில்லை. தமிழில் பொம்மை என்கிற ஒரே சொல், குழந்தை இழுத்துப் போட்டு விளையாடுவதற்கும் உண்டு, படியில் ஏற்றித் தீபம் காட்டுவதற்கும் உண்டு. சொல் ஒன்றாக இருப்பதில் பேசுகிறவனுக்குச் சங்கடமில்லை. விற்கிறவனுக்குத்தான் சங்கடம்.

அன்றிரவு பசையும் வர்ணமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கழுத்தை ஒட்டி, மேலே ஒரு தங்கப் பூச்சுக் கொடுத்தால் கண்ணுக்கே தெரியாது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செட்டியாரை ஒட்டுங்கள். மேளக்காரரை ஒட்டுங்கள். ஒட்டியது என்று சொல்லிப் பாதி விலைக்குக் கொடுக்கலாம். சாமியை ஒட்டி விற்கக் கூடாது. பின்னமான மூர்த்தியைத் தெரியாமல் ஒருத்தி வாங்கிக்கொண்டு போய் ஒன்பது நாள் பூஜை செய்வாள். அந்தப் பணம் நமக்கு வேண்டாம்."

"பூஜைக்கு உள்ள விக்கிரகமா இது? அச்சில் வார்த்த மண் பொம்மை" என்று வாதாடினேன். கணக்கனுடைய வாதம் அது. 47இல் 31 தெய்வங்கள்! அவற்றின் விலை அந்த மாத வாடகைக்கு மேல் ஆகும். ஆனால் அவள் அசையவில்லை. பெண்ணும் தாயார் கட்சியில் சேர்ந்துகொண்டாள்.

இனி, அந்த 31ஐ என்ன செய்வது? கடலில் விடலாமென்றால், சுட்ட மண் கரையாது. எண்ணெய் வர்ணமும் போகாது. கணபதியைக் கரைத்த மறுநாள் கடற்கரையில் ஒதுங்கிக் கிடப்பவற்றைப் பார்த்தவர்கள் மறுபடியும் அந்தக் காரியத்தைச் செய்ய மாட்டார்கள். தாராவிக் கும்பார்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து தலைமுறைகளாகக் குடியிருக்கும் குயவர்களுள் ஒருவரிடம் எடுத்துப் போனோம். சுட்ட மண்ணை இடித்துத் தூளாக்கிப் புது மண்ணோடு கலக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். பையைப் பிரித்து முருகனும் அம்பாளும் வெளியே வந்ததும், "இவர்களையா இடிக்கச் சொல்கிறீர்கள்?" என்று உலக்கையைக் கீழே வைத்துவிட்டார். ஆகவே முப்பது மூர்த்திகளும் பரண் ஏறின. முப்பத்தோராவதான மகாலட்சுமிதான் எங்களுடன் மதுரைக்கு வந்தாள்.

உடைந்தவை போக மிஞ்சியவற்றை மழை சோதித்தது. 2019இல் மும்பை மழை அக்டோபர் நடுவரையில் விடவில்லை. நவராத்திரியோ செப்டம்பர் 29இல் தொடங்கிற்று. சுட்ட மண் பொம்மைக்கு ஈரத்தால் பெரிய அபாயமில்லை. காகிதக் கூழில் செய்தவை ஊறிப்போய் வர்ணம் கொப்புளித்தன. அட்டைப் பெட்டிகள் கையோடு வந்தன. போதாததற்கு, வந்தவர்களெல்லாம் ஒரே கேள்வி கேட்டார்கள்: "அத்தி வரதர் இருக்கிறாரா?" நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை குளத்திலிருந்து எழுந்தருளும் காஞ்சி அத்தி வரதர், அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் காட்சி கொடுத்தார் அல்லவா? சயனக் கோலத்தில் ஒன்று, நின்ற கோலத்தில் ஒன்று என்று எல்லோருக்கும் இரண்டும் தேவையாக இருந்தன. நாங்கள் பொம்மைக்குச் சொன்னது சித்திரையில். அப்போது பெருமாள் தண்ணீருக்குள் இருந்தார்! சின்ன காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து இருபது வரதர்களைத் தருவித்தோம். இரண்டே மாலையில் விற்றுப்போயின. அந்த ஆண்டு நஷ்டமில்லாமல் விற்றவை அவை மட்டுமே.

இந்த நிலையில்தான் விளாச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மதுரைக்குத் தென்மேற்கே, பசுமலையையும் திருப்பரங்குன்றத்தையும் அண்டிய சிற்றூர் அது. ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது வீடுகள் அல்ல, வாசல்களே. வாசலுக்கு வாசல் பலகை போட்டு, வர்ணம் காணாத உருவங்களை வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். சிவந்த மண்ணில் ஐம்பது கிருஷ்ணர்கள் ஒரே மாதிரி கால் மாற்றி நிற்கிறார்கள். கையில் இன்னும் குழல் வரவில்லை. அடுத்த திண்ணையில் மூன்று ராஜாக்களும் ஒட்டகங்களும் ஒரு மாட்டுக் கொட்டிலும். அது கிறிஸ்துமஸ் குடில். அதற்கு அடுத்த வாசலில் விநாயகர்கள். வேளார் குலத்தவர் பரம்பரையாகச் செய்துவரும் தொழில் இது. கொலுவுக்குச் செய்யும் அதே கை குடிலுக்கும் செய்கிறது. ஒரு பண்டிகையை மட்டும் நம்பினால் ஆண்டு முழுவதும் அடுப்பு எரியாது என்பதை அந்தத் திண்ணைகளைப் பார்த்தே தெரிந்துகொண்டோம்.

எங்களுக்குப் பொம்மை செய்த குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம். வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். மனைவி பையைத் திறந்து மகாலட்சுமியைத் திண்ணையில் வைத்தாள். பெரியவர் தலையை ஒரு கையிலும் உடலை ஒரு கையிலும் எடுத்து, முறிந்த இடத்தை மட்டும் பார்த்தார்.

"கழுத்துக்குப் பிரி சுத்தாமப் பேப்பரை மட்டும் சுத்தியிருக்காங்கம்மா. அனுப்புனது நாங்க இல்லை, தரகர். எங்க சரக்குதான், ஆனா எங்க கட்டு இல்லை."

அதன் பிறகு வேலை நடப்பதைக் காட்டினார். கண்மாய் மண்ணைச் சலித்து, மணல் சேர்த்து மிதித்துப் பதமாக்குகிறார்கள். அச்சு இரண்டு பாதி, முன்புறம் ஒன்று, முதுகு ஒன்று. இரண்டிலும் மண்ணை விரலால் அமுக்கி, ஓரத்தில் குழைத்த மண் தடவி ஒன்று சேர்க்கிறார்கள். உள்ளே கூடாகவே இருக்கும். ஈரம் வாங்கியதும் அச்சைப் பிரித்து, ஒட்டுத் தெரியாமல் வழித்து, கை, ஆயுதம் முதலியவற்றைத் தனியே சேர்க்கிறார்கள். நிழலில் ஆறி, வெயிலில் காய்ந்து, சூளை ஏறி இறங்கிய பின் வெள்ளைப் பூச்சு. அதன்மேல் உடல் நிறம், ஆடை, நகை. வர்ண வேலையில் பெரும் பகுதி பெண்களுடையது. கண் மட்டும் கடைசி. அதற்குப் பெரியவரின் மருமகள் உட்கார்ந்தார். மெல்லிய தூரிகையை எடுத்துக்கொண்டு ஒரு மூச்சு அடக்கினார். ஒரு பொட்டு, ஒரு கோடு. அதுவரை மண்ணாக இருந்தது எங்களைப் பார்த்தது.

லாரி ஆபீஸில் கேட்ட கேள்வியை அப்போது நான் பெரியவரிடம் கேட்டேன். இது சாமியா, சாமானா? அவர் யோசிக்கவே இல்லை.

"கண்ணு எழுதுற வரைக்கும் மண்ணு. சூளையில வெடிச்சா இடிச்சுத் திரும்ப மண்ணோட போட்டுருவோம். எழுதுனப்புறம் உடைஞ்சா எங்களுக்கும் கை வராதுங்க. அந்தா, அங்க வச்சிருவோம்."

கொல்லையில் ஒரு வேப்பமரம் காட்டினார். அதன் அடியில் கையில்லாத அனுமாரும் மூக்குப் போன மீனாட்சியும் இன்னும் பலரும் வெயிலிலும் மழையிலும் நிறம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் மகாலட்சுமியும் அங்கேயே இடம் பெற்றாள். மும்பைப் பரணில் இருந்த மற்றவர்களைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. முப்பது பேரை மதுரைக்குக் கொண்டுவர ரயிலில் எங்கே இடம்?

கட்டும் வித்தையை அவரிடமே கற்றோம். முதலில் கழுத்து, மணிக்கட்டு, வேல், குடை ஆகிய மெல்லிய இடங்களுக்கெல்லாம் வைக்கோல் பிரி. அதன்மேல் காகிதம். ஒவ்வொன்றையும் தனித் தனியாகச் சிறு பெட்டியிலிட்டு, சிறு பெட்டிகளைப் பெரிய பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே அமர்த்த வேண்டும். பெரிய பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று கேட்டேன். ஒருவர் தூக்கக்கூடிய எடை வரையில் என்றார். ஒருவரால் முடியுமானால் தூக்கி வைப்பாராம். இருவர் வேண்டுமானால் உருட்டி விடுவார்களாம். 22 ஆண்டுகள் சரக்குக் கணக்கு எழுதிய எனக்கு இந்தச் சூத்திரம் தெரிந்திருக்கவில்லை.

அவர்களுடைய கஷ்டங்களையும் கேட்டோம். கண்மாயில் மண் எடுக்க அதிகாரிகளின் அனுமதி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் காயாது. சரக்கை ஆடிக்குள் கொடுத்தாலும் வியாபாரிகளிடமிருந்து பணம் தீபாவளிக்குப் பிறகுதான் வருகிறது. அதுவரை வட்டிக் கடன். நாங்கள் கடனில் வாங்குகிறோம். அவர்கள் கடனில் செய்கிறார்கள். நடுவில் இருக்கும் சாமிக்கு இது தெரியுமோ என்னவோ! மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கொடுத்து, ஆறு அங்குலத்துக்கு மேற்படாமல் 400 பொம்மைகளுக்குச் சொல்லிவிட்டு, மாலையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

அந்த மார்ச்சு மாதம் 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. 2020ஆம் ஆண்டு நவராத்திரி எப்படி நடந்தது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். வெற்றிலை பாக்கு வாங்க வருவாரில்லை. படிகளில் பழைய பொம்மைகளே போதுமென்று இருந்தார்கள். விளாச்சேரியில் 400 பொம்மைகளும் வர்ணம் தீட்டித் தயாராக நின்றன. நாங்கள் மீதிப் பணம் கொடுக்க வழியில்லை. பெரியவருக்குத் தொலைபேசி செய்யும் துணிவே எனக்குப் பல நாள் வரவில்லை. ஒருநாள் அவரே பேசினார். "உங்க பொம்மைங்க உள்ளறையிலே இருக்கு. சாமி எங்கேயும் போயிராது. முடிஞ்சப்போ எடுத்துக்கிடுங்க." அவர் வீட்டு உள்ளறை எவ்வளவு சிறிது என்பதை நாங்கள் பார்த்திருந்தோம். எங்கள் பெண் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிச் சம்பாதித்ததில் ஒரு பகுதியை மாதந்தோறும் அனுப்பினோம். 2021 ஆவணியில் அந்த 400உம் மும்பை வந்து சேர்ந்தன. உடைந்தவை மூன்று.

அதே ஆண்டு வேறொரு சங்கடம் முளைத்தது. தஞ்சாவூர்த் தலையாட்டி, சன்னபட்டணத்து மரப் பொம்மை, சொப்புச் சாமான் முதலியவற்றையும் மேஜையில் வைத்திருந்தோம். பள்ளிக்கூடம் ஒன்று மொத்தமாக வாங்க வந்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கே என்றது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களுக்கு அந்த முத்திரை கட்டாயம் என்னும் உத்தரவு 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. பிளாஸ்டிக்கையும் நச்சு வர்ணத்தையும் நினைத்தால் நியாயமான உத்தரவுதான். கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர் தாமே செய்து விற்பவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் அதில் விலக்கு உண்டு. தஞ்சாவூருக்கும் சன்னபட்டணத்துக்கும் அந்தக் குறியீடு இருந்ததால் தப்பித்தோம். சொப்புச் சாமானுக்கு எந்தக் காகிதமும் எங்களிடம் இல்லை. அதை அன்றே மேஜையிலிருந்து எடுத்தோம். கொலு பொம்மை? "இது விளையாட அல்ல, படியில் வைப்பதற்கு" என்று பில் புத்தகத்தில் அச்சிட்டுக்கொண்டோம். 2019இல் விளையாட்டுச் சாமான் என்று எழுதியதால் நஷ்டம். 2021இல் விளையாட்டுச் சாமான் அல்ல என்று எழுதினால்தான் பிழைப்பு!

கிட்டத்தில் செய்வித்தால் லாரிச் செலவு மிச்சம் என்று ஒரு முறை ராய்கட் மாவட்டத்துப் பேண் நகருக்கும் போனோம். கணபதி செய்வதில் அவர்களை மிஞ்சியவர் இல்லை. பட்டறை பட்டறையாகக் கணபதி. அங்கும் கண் எழுதுவது தனித் தேர்ச்சி. மாதிரிக்கு ஒரு செட்டியார் செய்து தரச் சொன்னோம். மண் வேலை முதல் தரம். முகத்தைப் பார்த்தால் புணேயில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பாண்டுரங்கனையும் ரகுமாயியையும் மட்டும் அங்கே வாங்கினோம். அவற்றை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் மராட்டிய அண்டை வீட்டார்.

இந்த வியாபாரத்தில் பெரிய லாபம் இருக்க முடியாது என்பது இப்போது புரிகிறது. ஒரு தசாவதாரம் வாங்கியவர் வீட்டில் மூன்று தலைமுறைக்கு வேறு தசாவதாரம் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மை என்ற வழக்கம்தான் எங்களுக்குச் சோறு. ஆனால் ஊர்விட்டு வந்தவர்களிடம் ஒன்றைக் கவனித்தேன். பழைய கொலு ஊரில் மூத்த அண்ணன் வீட்டிலேயே இருந்துவிடும். இங்கே குடித்தனம் வைக்கும் தம்பி வீட்டில் மரப்பாச்சி ஒரு ஜோடியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் தம்பி வீடுகளே எங்கள் வாடிக்கை. அடகு நகைகளில் வளையல் மீண்டுவிட்டது. சங்கிலி இன்னும் மீளவில்லை. பையன் ஆங்கிலத்தில் விளம்பரம் எழுதி டோம்பிவிலி, தாணே வரையில் ஆர்டர் பிடிக்கிறான். பரண்மேல் மீதி மூர்த்திகள் இன்னும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு நான்கைந்தாகப் பையில் போட்டு அந்த வேப்பமரத்துக்குக் கொண்டு சேர்ப்பதாக உத்தேசம். இதுவரை பதினொன்று போயிருக்கின்றன.

சென்ற நவராத்திரியில் எண்பது வயது மதிக்கத்தக்க பாட்டி ஒருவர், பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு செட்டியாரை எடுத்து வைத்தார். வேட்டி நிறம் மங்கி, தொந்தி மட்டும் பளபளத்தது. மாதுங்காவிலிருந்து வீடு மாறியபோது செட்டியாரம்மாள் உடைந்துபோனாளாம். "இவர் பத்து வருஷமாக மளிகைக் கடையில் தனியாகவே உட்கார்ந்திருக்கிறார். ஜோடியாக வாங்கச் சொல்லாதே, அப்பா. புதுச் செட்டியாரை என்ன செய்வது? இவருக்கு ஒருத்தி வேண்டும்" என்றார். எங்களிடம் இருந்த செட்டியாரம்மாள்களை வரிசையாக அவர் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தோம். ஒருத்தி தோளுயரம், ஒருத்தி இடுப்புயரம். ஒன்றும் பொருந்தவில்லை. மனைவி நூல் வைத்து அவர் உயரத்தையும் தொந்தியின் சுற்றளவையும் அளந்துகொண்டாள். கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்து விளாச்சேரிக்கு அனுப்பினோம்.

இப்போதெல்லாம் பேசுவது பெரியவரின் மகன். ஒரே ஒரு பொம்மைக்காக அச்சுச் செய்து கட்டாது என்றார். கையாலேயே பிடித்து, அடுத்த சூளையில் விநாயகர்களோடு சேர்த்து வைத்துவிடுவாராம். விலை என்ன என்று கேட்டேன். அது கண் எழுதினபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆவணிக்குள் வரும்.